ஆறடி நான்கங்குலக் கட்டில்

கலியமூர்த்தி இறந்துவிட்ட செய்தி அவருடைய எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. காலையில் பூப்பறித்துக்கொண்டிருந்தேன். கைப்பேசித் திரையில் அவர் பெயர் தெரிந்தது. எடுத்தால் வேறொரு குரல், “உங்க சகலை தவறிட்டாருங்க” என்றது. நான் கேட்ட முதல் கேள்வியைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. “நீங்க யாரு? அவரு போன் உங்க கையில எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன்.

பேசியவர் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். பொறுமையாகத் தன் பெயரைச் சொல்லி, டீ குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்றார். நான் அப்போதும் நம்பவில்லை. அவர் மனைவி மல்லிகாவிடம் கொடுங்கள் என்றேன். அவளால் பேச முடியவில்லை, அழுகை மட்டும் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் பூக்குடலையைக் கீழே வைத்தேன். சொந்தச் சகலையின் சாவுக்கே அத்தாட்சி கேட்ட ஆள் நான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கலியமூர்த்தி என் மனைவி வசந்தாவின் தங்கை மல்லிகாவின் கணவர். நான் நன்னிலத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே முப்பது ஆண்டுகளாகப் பத்திரம் எழுதுகிறவன். எந்தச் சொத்தைப் பார்த்தாலும் அதில் வில்லங்கம் எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் தேடும். எந்தக் காகிதத்தைக் கையில் வாங்கினாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். மனிதர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டேன். கலியமூர்த்திக்கு அந்தப் பழக்கம் அறவே கிடையாது. அதனாலேயே எனக்கு அவர் மேல் சந்தேகம் அதிகம்.

அவர் ஐந்தடி மூன்றங்குலம். நான் ஆறடியைத் தாண்டியவன். அவர் கல்யாணத்தில் எங்கள் இருவரையும் சேர்த்துப் படமெடுக்க வந்தவர், மாப்பிள்ளையை ஒரு மணை மேல் ஏறி நிற்கச் சொன்னார். “அண்ணனை உக்காரச் சொல்லுங்க, அதுதான் சுலபம்” என்றார் கலியமூர்த்தி. பந்தலே சிரித்தது. நான் உட்கார்ந்தேன். என்னைக் கேலி செய்கிறாரா, மரியாதை செய்கிறாரா என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மாமனார் வீட்டுக் கட்டிலில் நான் படுத்திருந்ததையும் அவர் பார்த்தார். அந்தக் கட்டிலில் என் கால் எப்போதும் ஒரு சாண் வெளியே நிற்கும். கொசுவலைக்கு வெளியே நின்ற என் பாதத்தைப் பார்த்துவிட்டு, ஒரு முக்காலியைக் கொண்டுவந்து கால்மாட்டில் போட்டுவிட்டுப் போனார். அதற்கும் எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, கிடைக்கவில்லை.

பிறகு அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். பத்தொன்பது ஆண்டுகள். அங்கே ஒரு பட்டறையில், குளிர்காலத்தில் குடும்பத்தோடு பாலைவனத்துக்குப் போய்த் தங்குகிறவர்களுக்காக, வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடுகள் கட்டும் வேலை. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டிச் சித்திரை, வைகாசியில் மட்டும் ஊருக்கு வருவார். கடைசியாக ஒரு மாசி மாதம் மொத்தமாகத் திரும்பி வந்தார்.

வந்த இரண்டாவது வாரமே எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு கேம்பிங் டிரெய்லர் கட்டப் போவதாகச் சொன்னார். இரண்டு குடும்பமும் சேர்ந்து போகலாம், மணலோ சேறோ வரப்போ எதில் வேண்டுமானாலும் இழுத்துச் செல்லலாம், உள்ளேயே சமைக்கலாம், படுக்கலாம் என்றார். வசந்தாவுக்கு ஒரே சந்தோஷம். நான் எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். “அடுத்தவங்க குடும்பம் ஊர் சுத்தறதுக்குப் பத்தொம்பது வருஷம் வண்டி கட்டிட்டேண்ணே. நம்ம குடும்பமும் ஒரு தடவை போகட்டுமே.”

நல்ல பதில்தான். ஆனால் அடுத்து அவர் கேட்டதில் எனக்கு மூக்கு வியர்த்தது. மாமனாரின் களத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

மாமனாருக்கு ஆண் பிள்ளை இல்லை. பத்து மா நிலமும் அதன் நடுவே சிமெண்டு பூசிய களமும் இரண்டு பெண்களின் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு களம் சும்மாதான் கிடந்தது. ஆனால் சும்மா கிடக்கும் இடத்தில் ஒருவர் கூரை போட்டு உட்கார்ந்து, நாளடைவில் அனுபோக உரிமை கொண்டாடி, கூடப் பிறந்தவர்களையே வெளியே நிறுத்திய கதைகள் என் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. சக்கரம் வைத்தால் வீடு வீடில்லை என்று ஆகிவிடுமா? வசந்தாவின் பங்கு கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன். ஏன் களம், உங்கள் வீட்டு வாசலிலேயே கட்டலாமே என்றேன். அடிச்சட்டம் கோணாமல் இருக்க மட்டமான சிமெண்டுத் தரை வேண்டும், வாசல் மண்தரை என்றார். வசந்தா அதற்குள் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

பங்குனியில் வேலை தொடங்கியது. சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் எடுத்து வயல் காய்ந்து கிடந்த காலம். தன் பழைய ஜீப்பில் இரும்புச் சட்டங்களை ஏற்றிக்கொண்டு வயலின் குறுக்கே நேராகக் களத்துக்குப் போய்விடுவார். நான் வாரத்துக்கு இரண்டு முறை தற்செயலாக அந்தப் பக்கம் போவேன். தற்செயல் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன்.

போகப் போக என் சந்தேகத்துக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருந்தது. வெல்டிங் மிஷினுக்குப் பம்புசெட்டின் இலவச மின்சாரத்தை எடுப்பது தப்பு என்று, மல்லிகா பெயரில் தற்காலிக மின் இணைப்புக்கு மனுப் போட்டார். அதற்குப் பட்டா நகல் வேண்டுமென்று என்னிடமே வந்து கேட்டார். களத்தின் மேல் அவர் குடும்பத்தின் பெயரில் ஒரு மின் அட்டை! அடுத்து, வண்டியின் அடியில் இருநூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி பொருத்தினார். வாய்க்காலும் குளமும் அடிபம்புமாக இருக்கிற ஊரில் இரண்டு நாள் உல்லாசப் பயணத்துக்கு இருநூறு லிட்டர் எதற்கு? குடியிருக்கத்தான் என்று முடிச்சுப் போட்டேன். எதற்கு என்று அவரிடம் கேட்டபோது, “தண்ணியில்லாத ஊர்ல இருந்து வந்தவன்ல, பயம்ணே” என்றார்.

இதற்குள் ஆனி வந்து மேட்டூர் திறந்துவிட்டார்கள். ஆடியில் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. குத்தகைக்காரர்கள் நான்கு பக்கமும் குறுவை நட்டுவிட்டார்கள். ஒரு நாள் காலை களத்துக்குப் போனால், கலியமூர்த்தி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். அவருடைய சக்கர வீடு முக்கால்வாசி முடிந்து, பச்சை வயலுக்கு நடுவே தீவில் நிற்பதுபோல் நின்றது. வெளியே போக ஓரடி வரப்பு மட்டும் இருந்தது. பத்தொன்பது ஆண்டுகளாகக் காய்ந்த வயலை மட்டுமே பார்த்துவிட்டுப் போனவர், தண்ணீர் வரும் என்பதையே மறந்திருந்தார். “மறந்தே போச்சுண்ணே” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. காவிரித் தண்ணீரில் வளர்ந்தவருக்குத் தண்ணீர் வருவது மறந்து போகுமா? இனி சம்பாவும் அறுத்து, வயல் காய்ந்து, அடுத்த மாசி வரை வண்டி நகராது. முழுசாக ஓர் ஆண்டு களத்தில் நிற்கும். கூடவே மின் இணைப்பும் இருக்கிறது. நான் அன்றே ஒரு முடிவுக்கு வந்தேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். தாலுகா அலுவலகத்துக்கு ஒரு மொட்டை மனு எழுதினேன். கையெழுத்துத் தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதினேன். கூட்டுப் பட்டா நிலத்தில் ஒரு பாகஸ்தர் மற்றவர் சம்மதமின்றி நிரந்தரக் கட்டுமானம் எழுப்புவதாகவும், விசாரிக்க வேண்டுமென்றும் எழுதினேன். கையைத்தான் மாற்ற முடிந்தது, தொழிலை மாற்ற முடியவில்லை. ‘மேற்படி களத்துக்குச் செக்குபந்தியாவது’ என்று தொடங்கி, எந்த வாய்க்காலுக்கு மேற்கு, யார் நஞ்சைக்கு வடக்கு என்று நான்கெல்லையும் பத்திரத்தில் எழுதுவதுபோல் பிசகாமல் எழுதியிருந்தேன். கடைசியில் ‘இப்படிக்கு’ என்றும் போட்டேன். அதன் கீழே இடத்தை வெறுமையாக விட்டேன். மொட்டை மனுவில் எவனாவது செக்குபந்தி எழுதுவானா? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு வாரத்தில் வி.ஏ.ஓ. வரப்பில் வழுக்கி வழுக்கி நடந்து களத்துக்கு வந்தார். நானும் தற்செயலாக அங்கே இருந்தேன். கலியமூர்த்தி அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். சக்கரத்தையும் ஜீப்பில் மாட்டும் கொக்கியையும் காட்டி, வயல் காய்ந்ததும் போய்விடும் என்றார். வி.ஏ.ஓ. சிரித்துவிட்டார். விளக்கம் எழுதிக் கொடுங்கள் என்று மனுவின் நகலைக் கொடுத்துவிட்டுப் போனார். கலியமூர்த்தி அதை நின்றபடியே முழுதும் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“எழுதினவரு விவரமானவருண்ணே. நாலு எல்லையும் அச்சு மாறாம இருக்கு” என்றார்.

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. யார் மேலாவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

“சந்தேகப்பட ஆரம்பிச்சா வேலை ஓடாதுண்ணே” என்று சொல்லிவிட்டு வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? அன்று பிடித்த அந்தக் கேள்வி இந்த மாதம் வரை என்னை விடவில்லை.

பத்து நாள் கழித்துப் போனபோது உள்ளே கட்டில்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவர் வெல்டிங் ராடு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் மடியிலிருந்து டேப்பை எடுத்து அளந்தேன். ஒரு பக்கத்துக் கட்டில் ஐந்தடி ஆறங்குலம். எதிர்ப்பக்கத்துக் கட்டில் ஆறடி நான்கங்குலம். அந்தக் கட்டிலுக்காகவே பின்சுவரை ஒரு பெட்டிபோல வெளியே தள்ளிக் கட்டியிருந்தார். குள்ளமான மனிதருக்கு இவ்வளவு நீளக் கட்டில் எதற்கு? யாரையோ குடிவைக்கப் போகிறார், வெளியூர்க்காரர் யாருக்கோ வாடகைக்கு விடப் போகிறார் என்று தோன்றியது. அளவைக் குறிப்பேட்டில் எழுதி, தேதி போட்டு வைத்தேன். வழக்கு என்று வந்தால் உதவும் என்று நினைத்தேன்.

மாசியில் வயல் காய்ந்தது. சொன்னபடியே வண்டியை வெளியே எடுத்தார். வண்டி எவ்வளவு குலுங்குகிறது என்று பார்க்க, உள்ளே சமையல் மேடையில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, அறுத்த தாளின் மேல் ஜீப்பை ஓட்டினார். வரப்புகளில் ஏறி இறங்கி, ஓரிடத்தில் ஈரக் களிமண்ணில் சக்கரம் பதிந்துவிட, எல்லோரும் தள்ளினோம். நானும் தள்ளினேன். களத்தை அவர் உண்மையிலேயே காலி செய்கிறார் என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் தள்ளினேன். சாலைக்கு வந்து கதவைத் திறந்தபோது சொம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. கலியமூர்த்தி அந்தத் தண்ணீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் குடித்தேன். களத்தில் மின் இணைப்பையும் அந்த வாரமே துண்டித்துவிட்டார், அதை நான் அலுவலகத்தில் போய் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

முதல் பயணம் வேளாங்கண்ணி வழியாகக் கோடியக்கரைக்கு. அவருக்குத் தெரிந்தவர் ஒருவரின் சவுக்குத் தோப்பில் வண்டியை நிறுத்தினோம். அங்கே தோண்டினால் வரும் தண்ணீர் எல்லாம் உப்பு. இரண்டு குடும்பமும் குடித்ததும் சமைத்ததும் குளித்து உப்பைக் கழுவியதும் அந்த இருநூறு லிட்டர்த் தொட்டியிலிருந்துதான். வசந்தாவும் மல்லிகாவும் சிறுமிகளாகிவிட்டார்கள், கால் சேற்றோடு உப்பளத்து வரப்பில் நாரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கல்யாணமான பிறகு அவர்கள் இருவரும் ஒரே இடத்தில் இரண்டு நாள் சேர்ந்திருந்தது அதுதான் முதல் தடவை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மதியம் மீன் குழம்புச் சாப்பாடு முடிந்ததும், “நீங்க இந்தப் பக்கம் படுங்கண்ணே” என்று கலியமூர்த்தி நீளக் கட்டிலைக் காட்டினார். படுத்தேன். காலை நீட்டினேன். எங்கும் இடிக்கவில்லை, வெளியேயும் நிற்கவில்லை. பாதத்துக்குப் பின்னால் மூன்றங்குலம் மிச்சம் இருந்தது. எதிரே குட்டைக் கட்டிலில் அவர் படுத்திருந்தார்.

“கால் முட்டுதாண்ணே?” என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, “எதுக்கு இவ்வளவு நீளமா கட்டினீங்க?” என்றுதான் கேட்டேன்.

“பலகை அந்த அளவுலதாண்ணே கிடைச்சுது” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பலகை எட்டடியில் வரும் என்பது எனக்குத் தெரியும். அவர் பொய் சொன்னார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது.

அதன் பிறகும் பல பயணங்கள் போனோம். வண்டி நிற்பதற்கு என் வீட்டு வாசலையே கேட்டார். “உங்க வாசல்ல நின்னா நீங்க பாத்துக்குவீங்க” என்று சாவியையும் என்னிடம் கொடுத்தார். என் வாசலுக்கு அடிபோடுகிறாரோ என்று ஒரு வாரம் சந்தேகப்பட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் வாய்விட்டுக் கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. ஒரு முறை, திரும்பி வரும் வழியில் டீக்கடையில் துணிந்து, “அந்த மனு விஷயமா…” என்று தொடங்கினேன். “எந்த மனுண்ணே?” என்றபடி கொக்கியின் முளையைச் சரிபார்க்கக் குனிந்துகொண்டார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். நானும் டீயைக் குடித்து முடித்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் மல்லிகா ஒரு ஃபைலோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வண்டி உங்கள் வாசலில்தான் நிற்கிறது அத்தான், பேப்பரும் உங்களிடமே இருக்கட்டும் என்றாள். அப்போதும், இவள் ஏன் எல்லாவற்றையும் என்னிடம் கொடுக்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினேன். பதிவுச் சான்று, காப்பீடு, பொருள் வாங்கிய ரசீதுகள். அவற்றின் நடுவே, நான்காக மடித்த ஒரு நகல். மடிப்பைப் பிரித்ததும் தாலுகா அலுவலக முத்திரையும், என் இடது கை எழுத்தும், என் செக்குபந்தியும் தெரிந்தன.

மல்லிகாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இது என்னவென்று தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும் அத்தான். அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போதே சொன்னாரு. அண்ணன் எழுதினதுதான், பயந்துட்டாரு போலிருக்கு, அக்காகிட்ட சொல்லிடாதன்னாரு” என்றாள். அதை ஒரு பெரிய விஷயமாகவே அவள் சொல்லவில்லை. வசந்தாவைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

நான் என் வழக்கப்படி காகிதத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரைபடம் இருந்தது. டிரெய்லரின் உட்புறம், இரண்டு கட்டில்கள். ஒன்றின் மேல் ‘நான் 5-6’. மற்றதன் மேல் முதலில் எழுதிய ‘5-6’ அடிக்கப்பட்டு, ‘அண்ணன் 6-4’ என்று இருந்தது. பின்சுவரை வெளியே தள்ளிக் காட்டும் ஒரு கோடு. அதன் அருகே சின்ன எழுத்தில், ‘கால் முட்டக் கூடாது.’

எது முந்தியது, எது பிந்தியது என்று பார்ப்பது என் தொழில். நகல் கையில் வந்த பிறகுதான் அதன் பின்பக்கத்தில் வரைய முடியும். முன்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் அவர் பின்பக்கத்தில் எனக்காகச் சுவரைத் தள்ளியிருக்கிறார்.

என்னை நானே அடக்கிக்கொள்ள முடியாமல் அழுதேன். பிறகு பேனாவை எடுத்தேன். முன்பக்கத்தில் ‘இப்படிக்கு’ என்ற சொல்லின் கீழே இத்தனை ஆண்டுகளாக வெறுமையாகக் கிடந்த இடத்தில், வலது கையால், என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன். ஃபைலைக் கட்டி, வாசலில் நிற்கும் வண்டியைத் திறந்து, அவருடைய குட்டைக் கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் அலமாரியில் வைத்தேன். எதிரே என் கட்டிலில் காலை வெயில் விழுந்து கிடந்தது. அதன் ஓரத்தில் சற்றுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

போய் வாருங்கள், கலியமூர்த்தி. கோடியக்கரையில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. கால் முட்டவில்லை.